கயிற்றுக் கட்சியும் கூண்டுக் கட்சியும்

கொள்ளிடத்துப் பாலத்தில் ரயில் தடதடவென்று ஏறியதுமே, பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்ந்து கொண்டார்கள். இருட்டில் தென்னந்தோப்புகளுக்கு மேலே விளக்கு வரிசையோடு ராஜகோபுரம் தெரிந்தது. "ரங்கா, ரங்கா!" என்று ஒரு பாட்டியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மார்கழி மாதம், பகல் பத்து உற்சவம். வண்டியில் இருந்த முக்கால்வாசிப் பேர் பெருமாளைச் சேவிக்கத்தான் ஸ்ரீரங்கத்தில் இறங்கினார்கள். நான் இறங்கியதோ ஒரு பஞ்சாயத்துக்காக!

இரண்டு நாளைக்கு முன்பு அக்கா டெலிபோனில் கூப்பிட்டாள். "உடனே புறப்பட்டு வாடி. வீடு இரண்டு கட்சியாப் போயிடுத்து. தாத்தாவும் பேத்தியும் நாலு நாளாப் பேசிக்கிறதில்லை" என்றாள். ஸ்ரீரங்கத்தில் கட்சி என்றால் யாருக்கு என்ன தோன்றும்? நெற்றியில் இடும் திருமண்ணுக்குப் பாதம் உண்டா, இல்லையா என்ற பழைய வழக்காக்கும் என்று நினைத்தேன். அதில்லையாம். குத்துச்சண்டையாம்!

அக்காவின் வீடு கீழ உத்தர வீதியில் இருக்கிறது. அத்திம்பேருக்கு வயது 82. பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாகப்பட்டினத்தில் இருந்த அந்தப் பட்டறை 1928-ல் பொன்மலைக்கு வந்தது என்பதில் தொடங்கி, நீலகிரி மலை ரயிலுக்கு அங்கே நீராவி இன்ஜின் செய்தது வரையில் ஒரு மூச்சில் சொல்லி முடிப்பார். பேத்திக்கு வயது 16. அப்பா, அம்மா இருவரும் வெளிநாட்டில் வேலையாக இருக்கிறார்கள். பெண் தாத்தா வீட்டில் தங்கிப் பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறாள்.

விஷயம் இதுதான்: எம்.எம்.ஏ. என்று ஒரு சண்டைக் கலை இருக்கிறதல்லவா? குத்து, உதை, மல்யுத்தம், பிடி எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, கம்பி வலைக் கூண்டுக்குள்ளே போடுகிற சண்டை. திருச்சியில் அதைச் சொல்லித் தருகிற ஒரு வகுப்பில் சேர வேண்டும் என்கிறாள் பேத்தி. பாரத்தில் காப்பாளர் கையெழுத்து வேண்டும். திங்கட்கிழமை கடைசி நாள். அத்திம்பேர் பாரத்தை வாங்கி மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டார்.

"சண்டையே வேண்டாங்கிறாரா?" என்று கேட்டேன்.

"அதுதான் வேடிக்கை!" என்றாள் அக்கா. "குத்துச்சண்டைன்னா சரியாம். கூண்டுச் சண்டைதான் கூடாதாம்!"

சாப்பிட்டு முடிப்பதற்குள் அத்திம்பேரே ஆரம்பித்துவிட்டார். "நீயே சொல்லு அம்மா, விழுந்தவனை அடிக்கலாமா? குத்துச்சண்டையிலே ஒருத்தன் கீழே விழுந்தா, மத்தவன் விலகிப் போய் மூலையிலே நிக்கணும். பத்து எண்ணுவா. 1867-லே குவீன்ஸ்பெரி பிரபு பேரிலே சட்டம் போட்ட நாளா அதுதான் தர்மம். இவா பார்க்கறதிலே, விழுந்தவன் மேலேயே ஏறி உட்கார்ந்து குத்தறான். இதுக்கு ரஸிகாள் வேறே!"

பேத்தி வாயைத் திறக்கவில்லை. சாத்தமுதைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

நடையழகு பார்க்கிற ஊர்

மறுநாள் சனிக்கிழமை விடியற்காலையில் அத்திம்பேரோடு கோவிலுக்குப் போனேன். ஏழு பிராகாரங்களும் 21 கோபுரங்களுமாக 156 ஏக்கரில் விரிந்து கிடக்கிற ஊர்க் கோவில். 236 அடி உயர ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்தபோது அத்திம்பேர், "நான் பொன்மலைக்கு வேலைக்கு வந்தப்போ இது மொட்டைக் கோபுரம். 1987-லேதான் பூர்த்தியாகிக் கும்பாபிஷேகம் ஆச்சு" என்றார்.

பசுவும் யானையும் சந்நிதிக்கு வந்து நிற்க, விசுவரூபம் சேவித்தோம். பிறகு நம்பெருமாள் அர்ச்சுன மண்டபத்துக்கு எழுந்தருளினார். மற்ற ஊர்களில் ஸ்வாமி புறப்பாடு என்றால், அலங்காரத்தைப் பார்ப்பார்கள்; நகையைப் பார்ப்பார்கள். இந்த ஊரில் நடையைப் பார்க்கிறார்கள்! ஸ்ரீபாதம் தாங்குவோர் தோளில் பல்லக்கு அசைகிற அசைவை வைத்து, இது சிம்ம கதி, இது சர்ப்ப கதி என்று பெயர் சொல்கிறார்கள். என் பக்கத்தில் நின்ற ஒரு மாமி, "இப்போ பாருங்கோ, திரும்பறச்சே ஒரு குலுக்கு!" என்று முன்கூட்டியே சொன்னாள். சொன்ன இடத்தில் குலுக்கு விழுந்தது. அம்மாமியின் முகத்தில் வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே!

"இதேதான்!" என்றார் அத்திம்பேர் என் காதருகில். "குத்துச்சண்டையும் இதேதான். புதுசா வரவன் கையைப் பார்ப்பான். தெரிஞ்சவன் காலைப் பார்ப்பான்."

திரும்பி வருகிற வழியில் தம்முடைய ராயபுரத்துக் கதையைச் சொன்னார். அவருடைய தகப்பனார் அங்கே ரயில்வே குமாஸ்தா. அந்த நாளில் வட சென்னையில் குத்துச்சண்டை வெறும் விளையாட்டாக இல்லை; குலப் பெருமை மாதிரி இருந்தது. சார்பட்டா பரம்பரை ஒன்று, இடியாப்ப நாயக்கர் பரம்பரை ஒன்று. 'ரோஷமான குத்துச்சண்டை' என்று சுவரொட்டி ஒட்டுவார்கள். 2021-ல் வந்த 'சார்பட்டா பரம்பரை' படத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். எந்தத் தெருவில் பிறந்தாயோ அந்தப் பரம்பரைக்கு நீ ரஸிகன். தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளை போவான். அந்தப் பிள்ளை வளர்ந்து, தன் பிள்ளையை அழைத்துக்கொண்டு போவான். ஆங்கிலோ-இந்திய வீரரான நாட் டெர்ரியைக் கித்தேரி முத்து வீழ்த்திய கதையை, அதை நேரில் பார்க்காதவர்கள்கூடப் பார்த்தது போலவே சொல்வார்களாம்.

"அந்தக் கூட்டத்திலே பெண்கள் உண்டா?" என்று கேட்டேன்.

"பெண்களா? ஒருத்தர் கிடையாது" என்றவர், கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். "1980-லே முகம்மது அலி மெட்ராசுக்கு வந்தார். ஜிம்மி எல்லிஸோடே காட்சிப் போட்டி. ராத்திரி ரயிலிலே புறப்பட்டுப் போய்ப் பார்த்துட்டு வந்தேன். உங்க அக்காகிட்டே பட்டறை வேலையா மெட்ராஸ் போறேன்னு சொன்னேன்."

நேயர்களே, இந்த ரகசியத்தை அக்காவிடம் சொல்ல வேண்டாம். அவளுக்கு 45 வருஷமாகத் தெரியும்!

மலைக்கோட்டைப் படியில்

சாயங்காலம் பேத்தி என்னைத் திருச்சிக்கு அழைத்துப் போனாள். காவேரிப் பாலத்தைத் தாண்டி, சின்னக்கடைத் தெரு நெரிசலில் புகுந்து, தெப்பக்குளத்தைச் சுற்றி, மலைக்கோட்டை ஏறினோம். மாணிக்க விநாயகரைக் கும்பிட்டு, தாயுமானவரைத் தரிசித்து, உச்சிப் பிள்ளையார் காற்றில் உட்கார்ந்தபோது கீழே ஊர் முழுவதும் தெரிந்தது. வடக்கே ஆற்றுக்கு அப்பால் ரங்கத்துக் கோபுரங்கள், தென்கிழக்கே பொன்மலை.

இந்த ஊருக்குக் கட்சி புதிதல்ல. 1752-ல் ஸ்ரீரங்கத்துத் தீவில் பிரெஞ்சுக்காரர்களும், இந்தக் கோட்டையில் இங்கிலீஷ்காரர்களும் இருந்துகொண்டு மல்லுக்கட்டினார்கள். அந்த ஜூன் மாதத்தில் பிரெஞ்சுத் தளபதி லா என்பவர் ஸ்ரீரங்கத்தில் சரணடைந்தார். மறு வருஷம் பொன்மலை அடிவாரத்தில் மறுபடியும் சண்டை. இப்போது அதே ஆற்றின் நடுவே ஒரு தாத்தாவும் பேத்தியும்!

"சின்னப் பாட்டி, தாத்தா சொல்றது பாதி நிஜம்" என்று பேத்தி தானாகவே தொடங்கினாள். "1993-லே அமெரிக்காவிலே டென்வர்ங்கற ஊர்லே முதல் போட்டி வெச்சா. யு.எஃப்.சி.ன்னு பேரு. அப்போ எடைப் பிரிவே கிடையாது. ரத்தம் பார்க்கத்தான் கூட்டம் வந்தது. ஆனா ஜெயிச்சது யாரு தெரியுமா? ராய்ஸ் கிரேஸின்னு ஒல்லியா ஒரு பிரேஸில்காரர். ஒரே ராத்திரியிலே மூணு பேரை ஜெயிச்சார். எல்லாம் பிடியாலேதான். அன்னிக்கு வந்த கூட்டம், இது என்னன்னு புரியாம முழிச்சுது. அப்புறம் கத்துக்க ஆரம்பிச்சுது. அதுதான் எங்க கட்சி!"

அவள் சொன்னதையும், நான் பிற்பாடு படித்ததையும் சேர்த்துப் பார்த்தால், இரண்டு கட்சி ரஸிகர்களுக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகவே விளங்குகிறது.

குத்துச்சண்டை ரஸிகர் ஒரு மனிதனுக்குப் பின்னால் போகிறார். அந்த மனிதனுக்குப் பின்னால் ஒரு தெரு, ஒரு ஊர், சமயத்தில் ஒரு தேசமே இருக்கிறது. பாக்கியாவோ சண்டை போடுகிற நாட்களில் பிலிப்பைன்ஸ் நாட்டுத் தெருக்கள் வெறிச்சென்று ஆகிவிடுமாம். தம் வீரர் தோற்கக்கூடாது என்பது அந்த ரஸிகருக்கு உயிர். மேவெதர் 50 சண்டை போட்டு 50-லும் ஜெயித்தார் என்பதை மந்திரம் போலச் சொல்வார். பட்டம் வழங்கும் சபைகளோ நான்கு! யார் யாரோடு மோதுவது என்று பேசி முடிக்கவே வருஷக் கணக்காகும். மேவெதர்-பாக்கியாவோ சண்டைக்காக ஐந்து வருஷத்துக்கு மேல் ஏங்கிக் கிடந்து, 2015 மே மாதத்தில்தான் அதைப் பார்த்தார்கள்.

கூண்டுக் கட்சி ரஸிகருக்கு இந்தப் பொறுமை தேவையில்லை. ஏறக்குறைய வாரா வாரம் சண்டை உண்டு. ஆளைவிட நிறுவனத்தின் பெயருக்கே கூட்டம் சேர்கிறது. அங்கே எவ்வளவு பெரிய வீரரும் எப்போதாவது தோற்றே தீருவார். குத்தில் கெட்டிக்காரர் பிடியில் அகப்படுவார். ஆகையால் தோல்வியை ரஸிகர்கள் பெரிய குற்றமாக நினைப்பதில்லை. ரஸிகர்களில் பலர் தாங்களே வகுப்புக்குப் போய்ப் பிடி கற்கிறார்கள். பாட்டுக் கச்சேரியில் தாளம் போடத் தெரிந்தவர் மாதிரி, கூட்டத்தில் உட்கார்ந்து கையால் பிடியைப் போட்டுப் பார்க்கிறார்கள்.

"தரையிலே பிடி போட்டு நேரமானா, தெரியாதவா 'ஊ'ன்னு கத்துவா. தெரிஞ்சவா மூச்சு விடாம பார்ப்பா" என்றாள் பேத்தி. ஜப்பானில் 1997 முதல் 2007 வரை நடந்த 'பிரைட்' போட்டிகளில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடியிருந்தும் சத்தமே இருக்காதாம். ஒருவன் காலை நகர்த்திப் பிடியை இறுக்கும்போது மட்டும் 'ஆ' என்று ஒரு மெல்லிய ஒலி எழுமாம். நம்பெருமாள் முன்னால் நின்ற மாமி எனக்கு ஞாபகம் வந்தாள்.

இரண்டு கட்சியும் ஒரே கூரையின் கீழ் சந்தித்ததும் உண்டு. 2017 ஆகஸ்டில் கூண்டு வீரர் மக்ரெகர், குத்துச்சண்டை விதிப்படி மேவெதரோடு மோதினார். பத்தாவது சுற்றில் மேவெதர் ஜெயித்தார். கயிற்றுக் கட்சிக்காரர்கள், "பார்த்தாயா!" என்றார்கள். கூண்டுக் கட்சிக்காரர்கள், "உங்கள் விதியிலேயே பத்து சுற்று நின்றாரே!" என்றார்கள். எங்கே போனாலும் கட்சி கட்சிதான்!

"அது சரி, உனக்கு எப்படி இதில் பிரியம் வந்தது?" என்று கேட்டேன்.

பேத்தி கோபுரங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "போன வருஷம் டியூஷன் முடிஞ்சு வரப்போ, ஒரு தடியன் சந்து முனையிலே என் கையைப் பிடிச்சான். உதறிண்டு ஓடி வந்துட்டேன். யார்கிட்டேயும் சொல்லலை. அந்தக் கை மட்டும் ரொம்ப நாளைக்கு என்னுது இல்லாத மாதிரி இருந்தது. அப்புறம் ஒரு நாள் டி.வி.யிலே ஒரு பொண்ணு, தன்னைவிட உயரமானவளோட பிடியிலேருந்து சுழண்டு வெளியே வந்தா. அன்னிலேருந்து பார்க்கறேன்."

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். பிறகு என்னவோ தோன்றி, அவளே நீட்டட்டும் என்று காத்திருந்தேன். சற்று நேரத்துக்கெல்லாம் நீட்டினாள்.

"தாத்தாகிட்டே இதைச் சொன்னாயா?"

"சொன்னா, டியூஷனையும் நிறுத்திடுவார்."

ஞாயிற்றுக்கிழமைக் காப்பி

அமெரிக்காவில் சனிக்கிழமை ராத்திரி நடக்கிற சண்டை, நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து சேர்கிறது. திருப்பாவை முடிந்து வெண்பொங்கல் மணக்கிற வேளையில் கூடத்து டி.வி.யில் கூண்டு தெரிந்தது. அத்திம்பேர் ஹிந்து பத்திரிகையை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்துக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரமாக ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்!

இரண்டு பெண்கள் களத்தில் இறங்கினார்கள். யு.எஃப்.சி.யில் பெண்கள் சண்டை போட ஆரம்பித்தது 2013-ல்தான். 2015-ல் மெல்போர்னில் பெண்கள் மோதிய சண்டையே முக்கியச் சண்டையாக இருந்தபோது 56,000 பேருக்கு மேல் கூடினார்கள். கயிற்றுக் கட்சியிலும் 2012 லண்டன் ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கு இடம் கிடைத்தது. நம்முடைய மேரி கோம் வெண்கலம் வாங்கினார். 2022-ல் கேட்டி டெய்லரும் அமண்டா செர்ரானோவும் நியூயார்க் மாடிசன் சதுக்கத்தையே நிரப்பினார்கள். பெண் ரஸிகர்களை வாசலில் நிறுத்தியிருந்த இரண்டு கட்சிகளும், பெண் வீரர்களால் புதுக் கூட்டம் கண்டன என்றால் அது மிகையாகாது.

முதல் சுற்றில் நின்றபடி குத்திக்கொண்டார்கள். பத்திரிகை ஓர் அங்குலம் கீழே இறங்கியது. "இடது கால் தப்பு" என்றது ஊஞ்சல். பேத்தி திரும்பவில்லை. ஆனால் அவள் காது சிவந்தது.

இரண்டாவது சுற்றில் இருவரும் தரையில் உருண்டார்கள். ஒருத்தி மற்றவளின் கையை நீட்டிப் பிடித்து மடக்கினாள். அகப்பட்டவள் சில விநாடிகள் பல்லைக் கடித்துப் போராடினாள். பிறகு எதிராளியின் காலில் படபடவென்று மூன்று தட்டுத் தட்டினாள். அந்த நொடியே பிடி தளர்ந்தது. நடுவர் குறுக்கே பாய்ந்தார். ஜெயித்தவள் தோற்றவளைக் கை கொடுத்துத் தூக்கிக் கட்டிக்கொண்டாள். கூட்டம் எழுந்து நின்று இருவருக்கும் கைதட்டியது.

"என்ன ஆச்சு?" என்றார் அத்திம்பேர். பத்திரிகை மடியில் கிடந்தது.

இத்தனை நாளைக்குப் பிறகு பேத்தி பேசினாள். "தட்டிட்டா தாத்தா. 'போதும்'னு அர்த்தம். தட்டினப்புறம் தொடக்கூடாது. அதுக்கு யாரும் கேலி பண்ண மாட்டா. நாளைக்கு மறுபடி சண்டை போடக் கை வேணுமோல்லியோ?"

அத்திம்பேர் வெகு நேரம் ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்தபடி இருந்தார்.

"ராயபுரத்திலே என் சிநேகிதன் ஒருத்தன் இருந்தான்" என்றார் கடைசியில். "மூணு தடவை விழுந்தான். ஒவ்வொரு தடவையும் எட்டு எண்றதுக்குள்ளே எழுந்தான். 'விடாதேடா!'ன்னு நாங்கதான் தொண்டை கிழியக் கத்தினோம். நானும்தான் கத்தினேன். அப்புறம் அவனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரலை. பேச்சும் குழறிப் போச்சு. அவன் விட்டிருந்தா அவனை யாரும் மதிச்சிருக்க மாட்டா. அதுக்குப் பயந்தே எழுந்தான்."

அக்கா கரண்டியும் கையுமாக அடுக்களை வாசலில் நின்றுவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவளும் கேட்டிராத கதை இது.

"1982-லே கொரியாக்காரர் டுக்-கூ கிம் சண்டைக்கு அப்புறம் இறந்து போனாரே, அதனாலேதானே தாத்தா பதினைஞ்சு சுற்றைப் பன்னிரண்டாக் குறைச்சா?" என்று பேத்தி மெல்லக் கேட்டாள்.

"உனக்கு அதெல்லாம் தெரியுமா?" என்று ஆச்சரியப்பட்டார் அத்திம்பேர். "1975-லே மணிலாவிலே, ஃப்ரேஸியரைப் பதினைஞ்சாவது சுற்றுக்கு விடமாட்டேன்னு அவர் குருவே நிறுத்தினார். அன்னிக்கு அலி ஜெயிச்சார்னு ஊரெல்லாம் பேச்சு. எனக்கென்னவோ அந்தக் குருதான் ஜெயிச்சார்னு தோணித்து. ஆனா அப்படி நிறுத்த இன்னொருத்தர் வேணும். இதிலே அவளே நிறுத்திக்கறா!"

அப்பொழுதும் அவர் தம் கட்சியை விட்டுவிடவில்லை. விழுந்தவரை அடிப்பது தமக்குப் பிடிக்காது, பிடிக்கவும் போவதில்லை என்று சொன்னார். பக்கத்துச் சூரியூர் ஜல்லிக்கட்டில்கூடத் திமிலைத்தான் பிடிக்கலாம், வாலைத் தொடக்கூடாது. பிடிபடாத காளைக்கும் பரிசு உண்டு. விளையாட்டு என்றால் அப்படி ஒரு வரம்பு வேண்டும் என்றார். பேத்தியும் தன் கட்சியை விடவில்லை. நடுவர் எப்போது குறுக்கே விழ வேண்டும் என்பதற்கும் வரம்பு உண்டு என்றாள். வாதம் வெண்பொங்கல் ஆறுகிற வரையில் நடந்தது. பேசாமல் இருந்த நாட்களுக்கெல்லாம் சேர்த்துப் பேசினார்கள்.

பிறகு பேத்தி என்னை ஒரு தரம் பார்த்தாள். நான் தலையசைத்தேன். தாத்தாவின் பக்கத்தில் ஊஞ்சலில் போய் உட்கார்ந்து, மலைக்கோட்டையில் என்னிடம் சொன்னதை அவரிடமும் சொன்னாள். நானும் அக்காவும் அடுக்களைக்குப் போய்விட்டோம். கூடத்தில் ஊஞ்சல் சத்தம் நின்று போயிற்று. வெகு நேரம் கழித்து, டிராயர் சாவி திரும்புகிற சத்தம் கேட்டது.

சாயங்காலம் நான் புறப்படும்போது பாரம் மேஜை மேல் இருந்தது. கோணல்மாணலான கையெழுத்து, 82 வயதுக் கை. அதற்குக் கீழே, யாரும் கேட்காமலே தமிழில் ஒரு வரி எழுதியிருந்தார்: 'முதல் பாடமாகத் தட்டுவதற்குச் சொல்லிக் கொடுக்கவும்.'

டியூஷன் நிற்கவில்லை. முடிகிற நேரத்துக்குச் சந்து முனையில் ஒரு கிழவர் குடையோடு போய் நிற்பது என்று ஏற்பாடாகியிருக்கிறது. அதற்குப் பேத்தியின் சம்மதம் ஒரு மாதத்துக்கு மட்டும்தானாம்!

"பஞ்சாயத்து முடிஞ்சுதா?" என்று ஸ்டேஷனில் அக்காவைக் கேட்டேன்.

"எங்கே முடிஞ்சுது?" என்றாள் அக்கா. "இனிமே ஞாயித்துக்கிழமை தோறும் நடக்கும். எனக்கு இரண்டு டம்ளர் காப்பி அதிகம்."

முணுமுணுத்தாளே தவிர, முகத்தில் சந்தோஷம் வழிந்தது. ரயில் கொள்ளிடத்தில் ஏறியது. நான் ஜன்னல் பக்கம் சாய்ந்து, கோபுர விளக்குகள் மறைகிற வரையில் பார்த்துக்கொண்டே வந்தேன்.